எச்சரிக்கையற்ற நூற்றுப் பதினெட்டு நாட்கள்

டாமரேக் ஃபால்ஸ் நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில் இருக்கும் ரௌட்டர் அந்தப் பனிக்காலம் முழுக்க ஒரு நாளும் பழுதாகவில்லை. வாரியத்தின் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பதிவேட்டை எழுதியவன் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

மின்னசோட்டாவின் வடக்கில் கவுண்டி என்னும் ஆறு மாவட்டங்களுக்கு இணையமும் தொலைபேசியும் கொடுப்பது எங்கள் வாரியம். பள்ளிக்கூடங்கள், ஷெரீஃப் அலுவலகங்கள், மருத்துவமனைகள், செல்போன் கோபுரங்கள் எல்லாம் வெளியுலகத்தோடு பேசுவது அந்த ஒரே பெட்டி வழியாகத்தான். இடுப்பளவு உயரம் இருக்கும். அதன் நெற்றியில் ஒரு பேனல்: உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு மஞ்சள் விளக்கு, நாலைந்து பொத்தான்கள். பெட்டிக்குள் ஏதாவது கெட்டால் மஞ்சள் எரியும். மோசமாகக் கெட்டால் சிவப்பு. என்ன கெட்டது என்று திரையில் எழுத்து ஓடும்.

வாரியத்தில் ஒன்பது உறுப்பினர்கள். பெட்டி என்ன செய்கிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. விளக்கு எரிந்தால் தெரியும். ஆகவே விதிப்புத்தகம் முழுவதையும் விளக்கை வைத்தே எழுதியிருந்தார்கள். தினமும் காலை எட்டரைக்கு மேற்பார்வையாளர் டுவைட் ஸ்காகன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு நிலவறைக்கு இறங்குவார். நான் பதிவேட்டோடு பின்னால் போவேன். பேனலுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, "சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை" என்று உரக்கச் சொல்வார். நான் எழுதுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். இதற்கு விளக்குப் பார்வை என்று பெயர்.

அக்டோபர் பதினைந்து, வியாழக்கிழமை. டுவைட் வழக்கம்போல நின்று வழக்கம்போலச் சொன்னார். நான் எழுதினேன்.

"டுவைட், திரையும் இல்லையே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஓரின் பெல்டோலா, கையில் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார். எங்கள் தொழில்நுட்ப ஆள். வயது அறுபத்தொன்று. அந்தப் பெட்டியைத் திறந்து மூடத் தெரிந்தவர் ஆறு கவுண்டிகளிலும் அவர் ஒருவர்தான். அதனாலேயே கூட்டங்களுக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

டுவைட் குனிந்து பார்த்தார். திரை கருப்பாக இருந்தது. விளக்குகள் செத்திருந்தன. பொத்தானை அழுத்தினால் சத்தம்கூட இல்லை.

"பெட்டி ஓடுதா?"

"ஓடுது. பேனல்தான் போச்சு. உள்ள இனிமே எது கெட்டாலும் நமக்குத் தெரியாது."

"சிவப்பு எரியுதா?"

"எரிய முடியாது, டுவைட்."

"எரியலன்னு எழுதிக்கோ, க்ளென்" என்றார் டுவைட் என்னிடம். எழுதினேன்.

ஓரின் அன்று பெட்டியைச் சோதித்த விதத்தை நான் கூடவே இருந்து பார்த்தேன். பேனலைத் திருகு கழற்றி வெளியே எடுத்தார். அதன் பின்பக்க ஊசிகளைத் துடைத்தார். ஊதினார். மறுபடி சொருகினார். ஒன்றும் இல்லை. மடிக்கணினியை நேரே பெட்டியின் வாயில் கோர்த்துக் கேட்டார். 'பேனல்: பதில் இல்லை' என்றது பெட்டி. பேனல் செத்ததா, பேனலைச் சொருகும் இடம் செத்ததா என்று தெரிய ஒரே வழிதான் உண்டு. எங்கள் ஆறுக்கும் வெளியே, பக்கத்துக் கவுண்டியில் இதே மாதிரிப் பெட்டி இருக்கிறது. அதன் நல்ல பேனலைக் கொண்டுவந்து இதில் பொருத்திப் பார்க்க வேண்டும்.

"அதைக் கழட்டினா அங்க விளக்கு இருக்காதே?" என்றார் டுவைட்.

"ஒரு மணி நேரம்."

"நல்லா எரியற விளக்கைக் கழட்டி, எரியாத இடத்துல வைக்கச் சொல்றீங்க. அப்ப ரெண்டு ஊர்லயும் சந்தேகம் வரும். இப்ப ஒரு ஊர்லதானே?"

தயாரித்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினார் ஓரின். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"பேனல் வேலை செய்யலைங்கறீங்க. சரி சார். பேனல்ல முதல் பொத்தானை அழுத்துங்க."

"பேனல்தான் செத்துப்போச்சு."

"புரியுது சார். அழுத்தினதும் திரையில என்ன வருது?"

"ஒண்ணும் வரல."

"'ஒண்ணும் வரல'ன்னு வருதா சார்?"

ஓரின் கண்ணை மூடிக்கொண்டார். புது பேனல் வேண்டுமென்றால் பழைய பேனலின் திரையில் வரிசை எண் தெரிவதைப் படமெடுத்து அனுப்ப வேண்டுமாம். வாரியத்தின் பதினான்காம் படிவமும் அதே கேள்வியைக் கேட்டது: 'பழுதின்போது திரையில் தெரிந்த எழுத்துகள்.' ஓரின் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். நிறைவு பெறாத படிவம் என்று திரும்பி வந்தது. 'இருட்டு' என்று எழுதினார். அனுமதிக்கப்பட்ட அறுபத்துநான்கு செய்திகளில் இருட்டு இல்லை என்று திரும்பி வந்தது. அதைத் திருப்பி அனுப்பியவனும் நான்தான். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் பத்தடி.

ஓரினுக்கு அப்போது வேறு கவலை இருந்தது. மனைவி மார்னா ஆகஸ்டிலிருந்து டுலூத் மருத்துவமனையில், நுரையீரல் வார்டில் இருந்தார். போக மூன்று மணி நேரம் ஆகும். விடுப்பு தீர்ந்துவிட்டது. சனி, ஞாயிறு போய் வருவார். வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கலாம்தான். ஆனால் வேலை போகும் நாளிலேயே காப்பீடும் போகும். காப்பீடு போனால் மார்னாவின் கட்டிலும் போகும். அதனால் தினமும் மதியம் ஓய்வறையின் வீடியோ திரை வழியாக இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். எதிர் மேசையில் நான் சாப்பிடுவேன்.

மார்னா இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். முகத்தைத் திருப்பாமல் கண்ணாடியிலேயே நாற்பது பிள்ளைகளை அடக்கியவர். மூக்கில் குழாயோடும் அந்தக் குரல் குறையவில்லை.

"சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கே, ஓரின்."

"தெரியும். ஃபேஷன்."

"க்ளென்! இவன் சாப்பிடறானா, இல்ல எனக்குக் காட்டறதுக்காகக் கடிச்சுட்டு வச்சுடறானா?"

"ரெண்டாவதுதான்" என்பேன் நான்.

"காட்டிக்கொடுக்கற பய" என்பார் ஓரின்.

பேனலைப் பற்றியும் ஓரின் மார்னாவிடம் சொல்லியிருந்தார். "அந்தப் பெட்டிக்கு நாடி பார்க்கற அளவுக்கு எனக்கு ஒரு நாள் பார்த்திருப்பியா?" என்று மார்னா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் நிற்கும்வரை ஓரின் திரையைத் தொட்டபடியே இருந்தார்.

நவம்பர் நடுவில் டுவைட் ஓய்வறைச் சுவரில் ஒரு பலகை மாட்டினார்: 'எச்சரிக்கையற்ற முப்பது நாட்கள்.' இருபது வருஷத்தில் அதுதான் மிக நீண்ட காலம். முன்பெல்லாம் மாதத்தில் நாலு முறையாவது மஞ்சள் எரியும். வாரியத் தலைவர் கான்ஸ்டன்ஸ் ப்ரூயெட் அம்மையார் நேரில் வந்து எலுமிச்சை கேக் வெட்டினார்.

அந்த வாரம்தான் பெட்டியின் பின்பக்க விசிறிகள் மூன்றில் ஒன்று நின்றிருந்தது. ஓரின் மடிக்கணினியில் பார்த்தார். உள்சூடு ஏறிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டடத்தின் கொதிகலன். பனிக்காலம் வந்தால் நிலவறை இன்னும் வேகும். மாற்று விசிறித் தட்டு கிடங்கில் இருந்தது. திருகு நாலு, வேலை பத்து நிமிஷம். ஆனால் கிடங்கின் சாவியை வாங்க எச்சரிக்கை எண் வேண்டும். எச்சரிக்கை எண்ணைப் பேனல் தரும்.

கேக் தட்டோடு நின்ற அம்மையாரிடம் அவர் அதைச் சொன்னார். அம்மையார் கேக்கைக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்குமாகப் பேசினார்.

"பேனல் செத்திருந்தா விளக்கு எப்படி எரியும்னு இவர் கேக்கறார். நியாயமான கேள்விதான். நான் திருப்பிக் கேக்கறேன், விளக்கு எரியாதப்ப எதுக்குப் பேனலைச் சந்தேகப்படணும்? எச்சரிக்கையே இல்லாத ஒரு மாசம் வேணும்னு இருபது வருஷமா உழைச்சோம். வந்திருக்கு. வந்ததை வச்சுக்கிட்டு சந்தோஷப்படாம, ஏன் வந்துச்சுன்னு தோண்டணுமா? என் வாழ்க்கையில நான் எதையும் ரொம்பத் தோண்டினதில்ல. இந்த நாற்காலிக்கு வந்திருக்கேன்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"கணினியில தெரியுதும்மா. விசிறி நின்னுபோச்சு" என்றார் ஓரின்.

"மூணாம் விதி" என்றார் டுவைட். "எச்சரிக்கைன்னா பேனல்ல எரியற சிவப்போ மஞ்சளோ. உங்க மடிக்கணினியில தெரியறது உங்க சொந்த அபிப்பிராயம்."

அம்மையார் நிலவறைக்கும் இறங்கிப் பார்த்தார். இருண்ட திரை அவருக்குப் பிடிக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் மனசு சங்கடப்படுமே என்றார். மறுநாள் டுவைட் தயாரிப்பாளரின் விளம்பரத் தாளிலிருந்து, திரை பச்சையாக ஒளிரும் பேனலின் படத்தை அதே அளவில் வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, செத்த பேனலின் மேல் ஒட்டினார். பதிவேட்டில் 'பச்சை' என்று ஒரு புதுப் பத்தி கோடு போட்டேன்.

ஓரின் வீட்டிலிருந்து ஒரு மேசை விசிறி கொண்டுவந்து பெட்டிக்குப் பின்னால் வைத்தார். நாலு நாள் ஓடியது. அனுமதியில்லாத மின்சாதனம் என்று பாதுகாப்பு அதிகாரி எடுத்துப் போனார். ஓரினுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்தக் கட்டடத்தில் அந்தப் பனிக்காலம் முழுக்க வந்த எச்சரிக்கை அது ஒன்றுதான். இன்னொரு விதிமீறல் என்றால் வேலை நீக்கம்.

ஜனவரியில் இரண்டாவது விசிறியும் தடுமாறத் தொடங்கியது. அன்று மதியம் மார்னா கேட்டார்: "பூட்டை உடைச்சு மாத்திடேன். நீ செய்யாம யார் செய்வா?"

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"போனா உன் கட்டிலு?"

மார்னா மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அப்ப உன் கையை நான்தான் கட்டி வச்சிருக்கேன்னு சொல்லு" என்றார்.

"நான் அப்படிச் சொல்லல, மார்னா."

"நான் சொல்றேன்."

நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவிக் கொத்தில் கிடங்கின் சாவி எது என்று எனக்குத் தெரியும். டுவைட் மேசையின் வலது இழுப்பறை, பூட்டுவதில்லை. தெரிந்துகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

பிப்ரவரி ஒன்பது, செவ்வாய்க்கிழமை. இரண்டு நாளாகப் பனிப்புயல். டுலூத் சாலையை மூடிவிட்டார்கள். பனி தள்ளும் வண்டிகளையே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். காலை ஒன்பது மணிக்கு மார்னாவின் மருத்துவர் ஓரினைக் கூப்பிட்டார். இன்று தாண்டாது என்றார். ஷெரீஃப் அலுவலகத்தில் ஓரின் கெஞ்சிப் பார்த்தார். முதல் வளைவிலேயே வண்டி புதைந்துவிடும் என்றார்கள். அவர் ஓய்வறைக்கு வந்து, திரை உபயோகிப்போர் ஏட்டில் ஒன்பது முப்பத்துநாலு என்று நேரம் எழுதிவிட்டு உட்கார்ந்தார்.

மார்னாவின் முகத்தில் பெரிய மூச்சுக் கவசம் இருந்தது. பேச முடியவில்லை. நடுநடுவே கவசத்தைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்வார், செவிலி மறுபடி வைத்துவிடுவார். ஓரின்தான் பேசினார். வீட்டு முன்னால் எவ்வளவு பனி, பக்கத்து வீட்டுக்காரர் யார் வீட்டு வழியில் பனி தள்ளினார், யார் வீட்டில் தள்ளவில்லை என்றெல்லாம். மார்னா கையைத் தூக்கி அவர் சட்டையைக் காட்டினார். ஓரின் குனிந்து பார்த்து, பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார். மார்னாவின் கண் சிரித்தது.

பதினொன்று நாற்பத்திரண்டுக்குத் திரை அப்படியே உறைந்தது. பிறகு கருப்பானது.

ஓரின் செல்போனை எடுத்தார். சிக்னல் இல்லை. மேசைத் தொலைபேசியும் செத்திருந்தது. ஆறு கவுண்டிகளும் ஒரே நொடியில் ஊமையாகியிருந்தன. அவர் எழுந்து ஓடினார். நிலவறையில் பெட்டியைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு, தானாகவே அணைந்துபோயிருந்தது. டுவைட்டும் இறங்கி வந்தார். உறைக்குள் பேனல் பச்சையாக இருந்தது.

"சாவி" என்றார் ஓரின்.

"எச்சரிக்கை எண்—"

ஓரின் சுவரிலிருந்த தீயணைப்புக் கோடாலியைக் கழற்றிக் கிடங்குப் பூட்டை அடித்தார். மூன்றாவது அடியில் விழுந்தது.

"எழுதிக்கோ, க்ளென்" என்றார் டுவைட். "பூட்டை உடைக்கிறார்னு எழுதிக்கோ."

11:49 என்று எழுதினேன். ஒரு மனிதனின் மனைவி செத்துக்கொண்டிருக்கிறாள், நான் நேரம் குறித்துக்கொண்டிருந்தேன்.

விசிறித் தட்டை அவர் ஒன்பது நிமிஷத்தில் மாற்றிவிட்டார். விரல்கள் கொப்பளித்திருந்தன. ஆனால் பெட்டி எழவில்லை. சூடு இறங்காமல் எழாது. அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து விசிறத் தொடங்கினார். ஒரு கட்டத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பதிவேட்டை இரண்டு கையாலும் பிடித்து விசிற ஆரம்பித்தேன். அந்தப் பதிவேடு அதன் ஆயுளில் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். டுவைட் படியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போன் போட முடியவில்லையே என்று ஒருமுறை சொன்னார்.

பெட்டி எழுந்து, ஒவ்வொரு வழியாகத் தேடி, டுலூத்தைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. நாங்கள் ஓய்வறைக்கு ஓடினோம். திரையில் செவிலி இருந்தார். அவருக்குப் பின்னால் கட்டில். மார்னாவின் முகத்தில் கவசம் இல்லை.

"பன்னெண்டு முப்பத்தொண்ணுக்கு" என்றார் செவிலி. "வலி இல்ல, மிஸ்டர் பெல்டோலா. நான் கையைப் பிடிச்சிட்டிருந்தேன்."

ஓரின் நின்றுகொண்டே இருந்தார்.

"திரை கருப்பானதும் நான் தள்ளி வைக்கப் போனேன். வேண்டாம்னு தலையை ஆட்டினாங்க. கவசத்தைத் தூக்கி, 'அணைக்காதே, அவன் சரி பண்ணிட்டிருக்கான்'னாங்க. கடைசிவரைக்கும் அதைத்தான் பார்த்துட்டிருந்தாங்க."

ஒன்று பத்துக்கு இணைப்பை மூடினோம். ஏட்டில் முடிவு நேரத்தை அவருக்குப் பதிலாக நான் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. வாரிய அரங்கில் நீள மேசை, அம்மையார் நடுவில், டுவைட் இடப்பக்கம், பாதுகாப்பு அதிகாரி வலப்பக்கம். நான் ஓரமாகக் குறிப்பெடுக்க. கவுண்டி சொத்தைச் சேதப்படுத்தியது குற்றச்சாட்டு. ஓரின் எதிரே தனி நாற்காலியில், புதுச் சட்டையில் இருந்தார்.

அம்மையார் முதலில் இரங்கல் தெரிவித்தார். "வாரியம் உங்க துக்கத்துல பங்கெடுக்குது. இந்த இரங்கல் பொதுவானது. எந்தத் தேதியோடயும், எந்தக் கருவியோடயும், எந்தக் கோளாறோடயும் இதுக்குச் சம்பந்தம் இல்லை. அப்படித்தானே குறிச்சிருக்கே, க்ளென்?"

"ஆமாம்மா."

"நல்லது. இப்ப விஷயத்துக்கு வருவோம். பிப்ரவரி ஒன்பது காலை விளக்குப் பார்வையில சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை, பச்சை இருக்கு. அன்னைக்குக் கோளாறு நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டா, நூத்துப் பதினெட்டு நாளும் கையெழுத்துப் போட்ட டுவைட் பொய் சொன்னதா ஆகும். கேக் வெட்டின நானும். ஆறு கவுண்டி ஜனங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை போயிடும். நம்பிக்கை போன பிறகு இணைப்பு இருந்து என்ன, இல்லாட்டி என்ன? ஆகவே கோளாறு நடக்கல."

பாதுகாப்பு அதிகாரி தலையாட்டினார்.

"திரை உபயோகிப்போர் ஏட்டைப் பார்த்தேன்" என்று அம்மையார் தொடர்ந்தார். அவர் குரலில் உண்மையாகவே கனிவு இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. "ஒன்பது முப்பத்துநாலுல இருந்து ஒண்ணு பத்து வரைக்கும் இவர் தன் மனைவியோட பேசிட்டிருந்தார். நடுவுல நின்னதா எங்கயும் இல்லை. அப்ப பதினொண்ணு நாப்பத்தொன்பதுக்கு இவர் எப்படி நிலவறையில பூட்டை உடைச்சிருக்க முடியும்? அந்த ஒரு வரி மட்டும் மத்த எல்லாத்துக்கும் முரணா இருக்கு. அதை அடிச்சிடு, க்ளென்."

பதிவேட்டைத் திறந்தேன். அட்டை சூட்டில் வளைந்திருந்தது. அந்த வரியை அடித்தேன்.

"குற்றச்சாட்டு தள்ளுபடி. மிஸ்டர் பெல்டோலா, எங்க ஆவணப்படி உங்க மனைவி காலமான நேரத்துல நீங்க அவங்களோடதான் இருந்தீங்க. வாரியத்தால உங்களுக்குச் செய்ய முடிஞ்சது இது. ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

ஓரின் மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கத்தினால் அதையும் எழுதிவிடலாம் என்று பேனாவைப் பிடித்தேன்.

"அதை எழுதிக் கொடுப்பீங்களா?" என்றார் அவர்.

"எதை?"

"இப்பச் சொன்னீங்களே. நான் அவகூட இருந்தேன்னு."

அம்மையார் டுவைட்டைப் பார்த்தார். விதிப்படி தடையில்லை என்றார் டுவைட்.

வாரியத்தின் தலைப்புத் தாளில் நான்தான் தட்டச்சு செய்தேன். 'பிப்ரவரி ஒன்பது, நண்பகல் 12:31 மணிக்குத் திரு. ஓரின் பெல்டோலா தம் மனைவி மார்னாவுடன் இருந்தார் என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.' குத்தும்போது முத்திரை கோணலாக விழுந்துவிட்டது. வேறு தாளில் அடித்துத் தருகிறேன் என்றேன்.

"பரவால்ல, க்ளென். இதுவே போதும்" என்றார் ஓரின். மை காயும்வரை தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.